என் எதிராளி ஒக்லாந்து வந்தார்

சனிக்கிழமை காலை. நியூ லின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைத்தொகுதி. வெளியே குளிர்கால மழை, உள்ளே ஈரக் குடைகளின் வாசம். நாமே சாமானைக் காட்டி நாமே காசு கட்டும் இயந்திரங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறேன். கூடையில் வெங்காயம், பால், கணவர் ஜெயத்துக்குப் பிடித்த இஞ்சி பிஸ்கட்.

எனக்கு முன்னால் ஒரு முதியவர். கம்பளித் தொப்பி, கையில் பீட்ரூட். அவர் பீட்ரூட்டை வைத்தார். ஏதோ பிழை என்று இயந்திரம் தேன் ஒழுகும் பெண் குரலில் சொன்னது. எடுத்தார், திரும்ப வைத்தார். இயந்திரம் அதையே திரும்பச் சொன்னது. மனிதர் நிமிர்ந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த இயந்திரத்திடம் மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

“நி பனிமாயு.”

எனக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். ரஷ்ய மொழி. ஒக்லாந்தில் ரஷ்ய மொழி காதில் விழுவது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் கைகளைப் பின்னால் கட்டி, கடைசி எழுத்தை இழுத்து, எதிரே நிற்பவர் முதலிலிருந்து தொடங்கியே தீரவேண்டும் என்ற தொனியில் அந்தச் சொல்லைச் சொல்லும் ஆட்கள் உலகத்தில் ஒரே ஒரு கட்டடத்தில்தான் உருவானார்கள். என் இளமையின் நல்ல பாதி அந்தக் கட்டடத்தில்தான் போயிற்று.

கூடை கையை விட்டது. வெங்காயம் உருண்டு பக்கத்து வரிசைக்கே போய்விட்டது.

“கென்னாதி பாவ்லவிச்!” என்று கத்திவிட்டேன். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அவரும் திரும்பினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வருடங்களுக்கு மேல் பார்க்காத ஒருத்தியைக் கண்டால் மனிதர்கள் என்ன சொல்வார்கள்? சுகமா, பிள்ளைகள் எத்தனை, தலை நரைத்துவிட்டதே என்பார்கள். இந்த மனிதர் சொன்னது இதுதான்:

“நிர்மலா. நல்லதாகப் போயிற்று. உன்னிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.”

எதிராளி என்றால் எதிரி இல்லை

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு நான் யாழ்ப்பாணத்திலிருந்து புலமைப்பரிசிலில் ரஷ்யாவுக்குப் போன கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. ஷெல் சத்தத்துக்கு நடுவே உயர்தரப் பரீட்சை எழுதி, பௌதிகம் படிக்கப் போய், சூரியனிலிருந்து வரும் வானொலி அலைகளிடம் மாட்டிக்கொண்டவள் நான். இப்போது ஒக்லாந்தின் பாபடோயிட்டோயில் வீடு, உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பௌதிக ஆசிரியை வேலை.

அந்த நாட்டில் கலாநிதிப் பட்டம் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆய்வை எழுதிவிட்டால் போதாது, ஒரு சபைக்கு முன்னால் நின்று காப்பாற்ற வேண்டும். சபை வெளி நிறுவனத்திலிருந்து ஒருவரை நியமிக்கும். அவருடைய பதவியின் பெயரே எதிராளிதான். அவர் ஆய்வை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பார். எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவார். குறித்த நாளில் வந்து எல்லார் முன்னாலும் கேட்பார்.

இதைக் கேட்டு என் அம்மா அந்தக் காலத்தில் கடிதத்தில் பதறியிருந்தார், யாரோ எனக்கு வினை வைக்க வருகிறார் என்று. அப்படியில்லை. பெற்ற தாயும் கட்டின புருஷனும் வாசிக்காத ஆய்வை எழுத்தெண்ணி வாசிப்பவர் எதிராளி ஒருவர்தான். அவரைவிடப் பெரிய சொந்தம் ஒரு ஆய்வாளருக்கு ஏது?

என் எதிராளி கென்னாதி பாவ்லவிச். எங்கள் நிறுவனத்திலேயே வளர்ந்து, பிறகு தெற்கே மலைமேல் இருந்த வான் ஆய்வகத்துக்குப் போனவர். என் நாளுக்காக ரயிலில் வந்து இறங்கினார். அது அந்தப் பெரிய நாடு துண்டு துண்டாய்ப் போய்க்கொண்டிருந்த குளிர்காலம். மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. சபை உறுப்பினர்களில் சிலர் வெளிநாடு போய்விட்டார்கள், சிலருக்கு வந்துசேர பஸ் இல்லை. தலைவர் ஆட்களை எண்ணினார். திரும்ப எண்ணினார். சட்டப்படி போதாது என்று சொல்லித் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

முடிந்த பிறகு விருந்து கொடுப்பது அங்கே வழக்கம். உளுந்து கிடைக்காத ஊரில் பட்டாணியை ஊறவைத்து அரைத்து நான் வடை சுட்டு வைத்திருந்தேன். நடக்காத விழாவுக்கு எல்லாரும் மேலங்கியோடு நின்றபடியே வடை தின்றார்கள். கென்னாதி பாவ்லவிச் மட்டும் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது” என்றார்.

“கேளுங்கள்.”

“சபை கூடவில்லையே. எப்படிக் கேட்பது?”

அதோடு சரி. என் விசா முடிந்தது, விசா கொடுத்த நாடும் முடிந்தது. நான் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன்.

தோற்றிருந்தால் ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். வென்றிருந்தால் பெயருக்கு முன்னால் பட்டம் போட்டிருப்பேன். இரண்டும் இல்லை. நான் சொன்னது சரியா பிழையா என்று ஒருவரும் சொல்லவில்லை, அதைக் கண்டுபிடிக்கக்கூடிய அந்த ஒற்றைக் கேள்வியையும் ஒருவரும் கேட்கவில்லை. பாத்திரம் கழுவும்போதும் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தும்போதும் அது என்ன கேள்வியாக இருக்கும் என்று யோசித்தே என் காலம் போயிற்று.

பெரியவரின் ஊர்

அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு விளங்காது.

அதைக் கட்டியவரை நாங்கள் பெரியவர் என்போம். அறிவியல் பேரவை உறுப்பினர், நெஞ்சு நிறையப் பதக்கம். ஆனால் தொடங்கியது ரயில் எஞ்சின் பட்டறையில், சக்கரங்களுக்கு எண்ணெய் பூசும் பையனாக. இரவுப் பள்ளியில் பௌதிகம் படித்தார். யுத்தம் வந்தது, வடக்கே ஒரு துறைமுகத்தில் ராடார் கருவிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். தினமும் விடியும் நேரத்தில் கருவி கொர்ரென்று இரையும். எதிரி குழப்புகிறான் என்றார்கள் மேலதிகாரிகள், அந்த இரைச்சல் பதிவான தாளையெல்லாம் எறியச் சொன்னார்கள். இவர் ஒரு சுருளை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். எந்த எதிரி சூரியனோடு சேர்ந்து எழும்புவான் என்பது அவருடைய கேள்வி.

யுத்தம் முடிந்ததும் படையினர் கழித்துவிட்ட ராடார்களைக் கேட்டு வாங்கிச் சூரியன் பக்கம் திருப்பி வைத்தார். அதிலிருந்து ஒரு ஆய்வகம், ஆய்வகத்திலிருந்து ஒரு நிறுவனம், நிறுவனத்தைச் சுற்றி ஒரு பள்ளிக்கூடம், பேக்கரி, பஸ் பாதை, பிள்ளைகள் பனியில் சறுக்க ஒரு குளம். நம்மவர்கள் பதவி உயர்ந்தால் வீடு கட்டுவார்கள். அந்த மனிதர்கள் ஊரே கட்டினார்கள்!

அந்த ஊரின் கோயில் என்றால் வாராந்தக் கருத்தரங்குதான். அதற்குப் பெரியவர் வைத்த சட்டங்கள் கடுமையானவை. விருந்தாளி வந்தால் அவர் முதலில் பேசக் கூடாது, வீட்டுக்காரர் தன் வேலையைச் சொல்ல விருந்தாளி கேட்க வேண்டும். யாரும் எப்போதும் ‘நி பனிமாயு’ சொல்லலாம், வாகன ஓட்டுநருக்கும் அந்த உரிமை உண்டு. சொல்லிவிட்டால் பேசுபவர் முதலிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். விளங்காத ஒருவர் அறைக்குள் இருக்கும்வரை கருத்தரங்கு முடியாது.

ஒருமுறை கோட்பாட்டுப் பௌதிகத்தில் பெயர்போன ஒருவர் தலைநகரிலிருந்து வந்தார். தேநீர் முடிந்து, பெரியவர் வற்புறுத்தி எழுப்பிய பிறகுதான் அவரும் பேசினார். முதல் வாக்கியத்தில் மாட்டியவர் மாலைவரை இரண்டாம் வாக்கியத்துக்குப் போகவேயில்லை. போகும்போது பெரியவரைக் கட்டிப்பிடித்து, இவ்வளவு நல்ல நாள் கண்டு கனகாலம் என்றார். பைத்தியக்காரக் கூட்டம். அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்தது.

எங்களுக்கு மட்டும் பெரியவர் இன்னொரு சட்டம் வைத்திருந்தார்: “சந்தேகமான தாளை என் மேசைக்குக் கொண்டுவராதே.” இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

உருளைக்கிழங்குக்குப் பக்கத்திலா கேட்பது?

நியூ லின்னுக்கு வருவோம். வெங்காயத்தைப் பொறுக்கி முடித்து, அவருடைய பீட்ரூட்டுக்கு நானே காசு கட்டி, வெளியே இருந்த மர வாங்கில் இருத்தினேன். மகன் இங்கே மென்பொருள் வேலை, நியூ லின்னில் வாடகை வீடு, புதிதாகப் பேத்தி பிறந்திருக்கிறாள். பார்க்க வந்தவர், அடுத்த வாரம் முடிய ஊர் திரும்புகிறார்.

“எந்த ஊர்? மலை ஆய்வகமா?” என்றேன்.

“இல்லை, உன்னுடைய ஊர்தான், பெரியவர் கட்டினது” என்றார். “உன் சபை கூடாத அன்று திரும்பிப் போக ரயில் சீட்டுக்குக் காசில்லை. அன்டெனாக்களைப் பார்க்க ஆளும் இல்லை. கொஞ்ச நாள் இருப்போம் என்று இருந்தேன். இன்னும் இருக்கிறேன்.”

என்னிடம் ஒரு கேள்வி கேட்க வந்த மனிதர் ஆயுளையே அங்கே கழித்துவிட்டார்! சிலர் அமெரிக்கா போனார்கள், ஒருவர் வங்கி தொடங்கினார். இவர் அன்டெனாக்களுக்கு இடையே உருளைக்கிழங்கு நட்டு, அதைத் தின்று, சூரியனைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு நிலைமை தேறியது, ஆய்வுப் பிரிவுக்குத் தலைவரானார், சீடர்கள் வந்தார்கள்.

“சரி, அந்தக் கேள்வி?” என்றேன்.

அவர் சுற்றிப் பார்த்தார். கடை வாசலில் உருளைக்கிழங்கு மலிவு விலையில் குவித்திருந்தது.

“இங்கேயா? உருளைக்கிழங்குக்குப் பக்கத்திலா? நீ முதலில் உன் ஆய்வைச் சொல்ல வேண்டும். பலகை வேண்டும், கேட்க ஆட்கள் வேண்டும். அதற்குப் பிறகுதான் கேள்வி.”

“ஐயோ, இங்கே எங்கே நான் சபைக்குப் போவேன்?”

“அது உன் பாடு. நான் எதிராளி மட்டும்தான்.”

பொன்னாடையும் பேச்சாளர்களும்

வீட்டுக்கு வந்து ஜெயத்திடம் சொன்னேன். ஜெயம் மன்னார்க்காரர், விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். நல்ல மனிதர், ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நான் அந்தப் பேச்சை எடுத்தால், “உம்மட ரஷ்யாக் கதையோ” என்று எழும்பிப் போய்த் தொலைக்காட்சியைப் போடுவார். ஒரு கேள்வி கேட்டது கிடையாது. அது எனக்குள் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அன்று மட்டும் தொலைக்காட்சியைப் போடவில்லை. “ஆக்கள் தானே வேணும்? நான் பாக்கிறன்” என்று தொலைபேசியை எடுத்தார்.

எடுத்தது எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர் இராசநாயகம் அண்ணைக்கு. அண்ணை ஓய்வுபெற்ற கணக்காளர், பேச்சென்றால் உயிர். விஷயத்தைக் கேட்டதும் தமிழன் செய்யும் அதே வேலையைச் செய்தார். ரஷ்ய விஞ்ஞானி வருகிறார், உடனே பாராட்டு விழா! பாபடோயிட்டோயில் ஒரு மண்டபத்தைச் சனி பின்னேரம் ஆறு மணிவரைக்கும் எடுத்தார். மங்கள விளக்கு, வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, பொன்னாடை. நிகழ்ச்சி நிரலைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது.

“அண்ணை, நான் பலகையில எழுதிக் கதைக்கிறதுக்கு எப்ப நேரம்?”

“நன்றியுரைக்கு முன்னால அஞ்சு நிமிசம் தாறன் தங்கச்சி. சனம் விஞ்ஞானியைப் பாக்கத்தானே வருது.”

“அவர் திங்கக்கிழமை போறார் அண்ணை! இதை விட்டா எனக்கு வேற நாள் இல்லை!”

“பாப்பம், பாப்பம்” என்றார். பாப்பம் என்றால் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

சனி வந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. சேலைகள், மல்லிகை, பின்னால் தேநீர்க் கொதிகலனின் ஆவி, பொரித்த ரோல்ஸ் வாசம். ஐயரும் வந்தார், பாதிரியாரும் வந்தார், இருவரும் சேர்ந்து விளக்கேற்றினார்கள். கென்னாதி பாவ்லவிச் மாலையோடு முன்வரிசையில் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். சுவர் மணிக்கூடு ஓடிக்கொண்டேயிருந்தது.

அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். “உலகமே போற்றும், ஈடு இணையற்ற, விண்வெளியின் விடிவெள்ளி அவர்களே!” என்று தொடங்கினார். நான் காதுக்குள் ரஷ்ய மொழியில் சொன்னேன். கென்னாதி பாவ்லவிச் எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டினார்.

“நி பனிமாயு.”

அண்ணை ஒலிவாங்கியை இறக்கினார்.

“என்னவாம்?” என்றார் அண்ணை.

வேறு வழியில்லை, மொழிபெயர்த்தேன். “தனக்கு விளங்கேல்லையாம் அண்ணை. உலகமே போற்றுது எண்டதுக்கு என்ன ஆதாரம் எண்டு கேக்கிறார். தன்னைத் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சப் பேர்தானாம், அதிலயும் பாதிப்பேர் தான் சொல்லுறது பிழை எண்டு சொல்லுறவையாம்.”

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அண்ணையின் முகம் சிவந்துவிட்டது. கென்னாதி பாவ்லவிச் விடவில்லை. “விருந்தாளி முதலில் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் தன் வேலையைச் சொல்ல வேண்டும். இங்கே வீட்டுக்காரர் நிர்மலா” என்று என்னைக் கையால் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

அதையும் மொழிபெயர்த்தேன். அண்ணை ஒலிவாங்கியை என் கையில் கொடுத்துவிட்டு, போய் மூலைக் கதிரையில் கைகட்டி உட்கார்ந்தார்.

“விளங்கேல்லை!”

ஜெயம் வெண்பலகையை உருட்டிக்கொண்டு வந்தார். மார்க்கரைத் திறந்தேன், அதன் காரமான நெடி மூக்கில் ஏறியது. தமிழில் ஒரு வாக்கியம், ரஷ்ய மொழியில் ஒரு வாக்கியம் என்று தொடங்கினேன். சூரியனில் சில வேளை வெடிப்பு உண்டாகும், அதிலிருந்து வானொலி அலை கிளம்பும். எங்கள் கருவியில் பேனா துள்ளித் தாளில் ஒரு பெரிய முள் வரையும். சில விநாடி கழித்து அதே வடிவத்தில் ஒரு சின்ன முள். எல்லாரும் அந்தச் சின்ன முள் கருவியின் கோளாறு என்றார்கள். நான் மட்டும் அது எதிரொலி என்றேன். சூரியனின் அடுக்கு ஒன்றில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலி. என் ஆய்வு அவ்வளவுதான்.

“மேடம், புரியல” என்று நடுவில் ஒரு குரல். கோயம்புத்தூர்ப் பையன் செந்தில், கணினி வேலை பார்ப்பவன். “வெடிப்பு அங்க, நாம இங்க. எதிரொலி எதுல பட்டு வருது?”

எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. எங்கள் கூட்டங்களில் கைதட்டுவோம், தூங்குவோம், ரோல்ஸ் தின்போம். கேள்வி கேட்டு நான் கண்டதேயில்லை!

“நான் இதில நிண்டு கத்துறன் எண்டு வையுங்கோ” என்றேன். “எனக்குப் பின்னால ஒரு மலை. என்ர குரல் நேர உங்களிட்ட வரும். இன்னொரு பங்கு பின்னுக்குப் போய், மலையில பட்டுத் திரும்பி, பிந்தி வரும். வெடிப்பு நான். மலை, வெடிப்புக்கு அடியில இருக்கிற சூரியன்ர அடர்த்தியான அடுக்கு.”

“விளங்கேல்லை, அலை ஏன் பின்னுக்குப் போகுது?” என்றார் முன்வரிசையில் ஒரு தாதி. சொன்னேன். “சின்ன முள் ஏன் சின்னது?” என்றது இன்னொரு குரல். சொன்னேன். விளங்கேல்லை, புரியல, விளங்கேல்லை என்று நாலாபக்கமும் கைகள். விளங்கவில்லை என்று சொல்ல இத்தனை காலம் அனுமதிக்காகக் காத்திருந்த சனம் போல ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கேட்டது. கென்னாதி பாவ்லவிச் மாலையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அப்போதுதான் மூலையிலிருந்து இராசநாயகம் அண்ணை எழும்பினார். கோபம் ஆறவில்லை. என்னை மடக்கியே தீருவது என்ற முகம்.

“தங்கச்சி, எனக்கும் ஒண்டு விளங்கேல்லை. மலை உனக்குப் பின்னால எண்டால் சரி. மலை உனக்குப் பக்கத்தில எண்டால் என்ன செய்வாய்?”

பக்கத்தில் மலை

நான் அதை மொழிபெயர்த்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கென்னாதி பாவ்லவிச் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார். நேரே மூலைக்குப் போய் அண்ணையின் கையைப் பிடித்தார்.

“இவர் எந்த நிறுவனம்?” என்று என்னைக் கேட்டார்.

“கணக்காளர். ஓய்வுபெற்றவர்.”

“இது என்னுடைய கேள்வி! இதைத்தான் நான் ரயிலில் கொண்டுவந்தேன்!”

என் கேள்வி! எத்தனை வருடம் எங்கெங்கோ தேடிய கேள்வி, சங்கச் செயலாளரின் வாயிலிருந்து!

பலகைக்குத் திரும்பினேன். மலை பின்னால் என்றால் குரல் மலைவரை போய், அதே தூரம் திரும்பி வரவேண்டும். மலை பக்கத்தில் என்றால்? பக்கத்துக்குப் போய் அங்கிருந்து நேரே உங்களிடம் வந்துவிடும், திரும்பிவரும் தூரம் மிச்சம். ஆகவே எதிரொலி சீக்கிரம் வரவேண்டும். வெடிப்பு நாம் பார்க்கும் சூரிய வட்டத்தின் நடுவில் நிகழ்ந்தால் மலை அதன் பின்னால் இருக்கிறது. விளிம்பில் நிகழ்ந்தால் மலை பக்கத்தில். அப்படியானால் விளிம்பு வெடிப்புகளில் சின்ன முள் பெரிய முள்ளுக்குக் கிட்ட வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் நான் சொன்னது சரி. இடைவெளி மாறாமலே இருந்தால் அது வெறும் கருவிக் கோளாறு, என் ஆய்வு குப்பை.

“உன் ஆய்வில் விளிம்பு வெடிப்பு ஒன்றுகூட இல்லை” என்றார் கென்னாதி பாவ்லவிச். “எல்லாம் நடுவில். ஏன்?”

ஏன்? எனக்கு நினைவில்லை. பின்னால் கொதிகலன் முணுமுணுத்தது. கண்ணை மூடினேன். அந்த ஆய்வகத்தின் நிலவறை தெரிந்தது, மையின் வாசம், தாள் சுருள்கள். விளிம்பில் வந்த வெடிப்புகள் இருந்தன, நன்றாக இருந்தன. ஆனால் முள் தெளிவாக விழவில்லை. இரண்டு முள்ளும் ஒட்டிப் பிறந்த வாழைப்பழம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு…

“ஐயோ!” என்று கத்தினேன். “ஒட்டியிருந்தது! ரெண்டு முள்ளும் ஒட்டியிருந்தது!”

கென்னாதி பாவ்லவிச் ரஷ்ய மொழி, ரஷ்ய மொழி என்று கையை ஆட்டினார். சொன்னேன், வார்த்தை குழறக் குழறச் சொன்னேன். அவை சந்தேகமான தாள்கள். இரண்டு முள்ளாகப் பிரிந்து தெரியாததால் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். சந்தேகமான தாளைப் பெரியவரின் மேசைக்குக் கொண்டுபோகக் கூடாதே! அதனால் ஒதுக்கிவைத்தேன். சின்ன முள் கிட்ட வந்ததற்கான சாட்சியையே கழித்துவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொண்டு ஆய்வு எழுதியிருக்கிறேன்!

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“சந்தேகமான தாளைச் சட்டைக்குள் ஒளித்துவைத்துப் பெரியவரானவர், நமக்கு அதையே மேசைக்குக் கொண்டுவராதே என்றார் பார்!”

“அந்தச் சுருள்கள் போயிருக்கும்” என்றேன். “அந்தக் குளிர்காலங்களில் வெப்பமே இல்லையே. எல்லாவற்றையும் எரித்திருப்பீர்கள்.”

“மேசைகளை எரித்தோம். கதிரைகளை எரித்தோம். என்னுடைய அலுமாரியையும் எரித்தேன்” என்றார். “தாளை யாராவது எரிப்பார்களா? நிலவறையில் இருக்கிறது. போனதும் முதல் வேலை அதுதான்.”

அப்படியே நின்ற இடத்தில் அழுதுவிட்டேன். சந்தோஷ அழுகை. அழுதுகொண்டே மொழிபெயர்த்தேன், மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. இராசநாயகம் அண்ணைதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார், கேள்வி அவருடையது அல்லவா.

கென்னாதி பாவ்லவிச் கையை உயர்த்திச் சபையை அமர்த்தினார். சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, எதிராளிகள் கடைசியில் சொல்லும் அந்த வழக்கமான வாசகத்தைச் சொன்னார்: “மேற்சொன்ன குறைகள் ஆய்வின் மதிப்பைக் குறைக்கவில்லை.” எதிராளி அதைச் சொல்லாமல் அங்கே ஒருவரும் பட்டம் பெற்றதில்லை. எனக்குப் பட்டம் தர இங்கே ஒரு சபையும் இல்லை. ஆனால் வாசகம் கிடைத்துவிட்டது.

மணி ஆறாகிவிட்டது. அடுத்து மண்டபம் எடுத்திருந்த சமோவாக் குடும்பம், மகளின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு, பலூன்களோடும் மூடிய தட்டங்களோடும் வாசலில் நின்றது. அண்ணை அவசரமாகப் பொன்னாடையைத் தேடினார். பெண்கள் கதிரை மடிக்கத் தொடங்கினார்கள்.

“வேறு கேள்வி உண்டா?” என்றார் கென்னாதி பாவ்லவிச், சட்டப்படி.

பின்னால், தேநீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில், ஒரு கை உயர்ந்தது. ஜெயம்.

“எனக்கு விளங்கேல்லை” என்றார்.

“எது?” என்றேன்.

“எல்லாம்.” தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். “இவ்வளவு காலமும் கேட்டா நீர் அழுவீர் எண்ட பயத்தில கேக்கேல்லை. இண்டைக்கு நீர் அழுதும் சிரிச்சுக்கொண்டுதானே நிக்கிறீர். இனிக் கேக்கலாம்போல கிடக்கு. முதல்ல இருந்து சொல்லும்.”

நான் கென்னாதி பாவ்லவிச்சுக்கு மொழிபெயர்த்தேன். அவர் தலையசைத்து, மடித்து வைத்த கதிரை ஒன்றைத் தானே விரித்து உட்கார்ந்தார். பிறந்தநாள்காரியின் தாய் என் முகத்தைப் பார்த்தார், ஜெயத்தின் முகத்தைப் பார்த்தார், தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு அவரும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் பலகையைக் கையாலேயே துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பெரிய வட்டம் போட்டேன்.

“இது சூரியன்” என்றேன் என் கணவரிடம்.